முதலில் வட்டம், பிறகு வெயிட்

வாசகர் கேள்வி – பதில்: கேரவன் டயர்

கேரள சுற்றுலாத் துறை 2021ல் கேரவன் சுற்றுலாவை அறிவித்ததிலிருந்து, எல்லைக்கு இந்தப் பக்கமும் வேனை வீடாக மாற்றிக் கட்டியவர்கள் நமக்கு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். பேட்டரி, தண்ணீர்த் தொட்டி பற்றிக் கேட்பவர்களைவிட டயர் பற்றிக் கேட்பவர்களே அதிகம். அதனால் இந்த மாதம் முழுவதையும் டயருக்கே ஒதுக்கிவிட்டோம்.

கேள்வி: டெம்போ டிராவலர் வகை வேனில் கட்டிய கேரவன் எங்களுடையது. முன்னால் 2, பின்னால் 4 டயர். அளவு 215/75 ஆர் 15. தென்காசியிலிருந்து மதுரை போகும்போது 70 கி.மீ. வேகம் தாண்டினால் ஸ்டியரிங் உதறுகிறது, 90க்கு மேல் குறைகிறது. இரண்டு மாதத்தில் மூன்று தடவை பேலன்சிங் செய்தாகிவிட்டது. கடைசியாக இடது முன் சக்கரத்தில் மட்டும் 140 கிராம் வெயிட் அடித்தார்கள். மெஷின் பூஜ்யம் காட்டுகிறது, ரோட்டில் உதறல் அப்படியே இருக்கிறது. இன்னொரு கடைக்குப் போகலாமா?
— ஒரு வாசகர், செங்கோட்டை

பதில்: பேலன்சிங் என்பது சக்கரத்தின் எடை எல்லாப் பக்கமும் சமமாக இருக்க ரிம்மில் சிறு கட்டி மாட்டுவது, அந்தக் கட்டிதான் வெயிட். கடையை மாற்றும் முன் அந்த 140 கிராமைக் கவனியுங்கள். இந்த அளவு சக்கரத்துக்கு ஒரு பக்கம் 100 கிராமுக்கு மேல் வெயிட் கேட்டால், எடையைத் தாண்டி வேறு ஏதோ கோளாறு இருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் சக்கரம் வட்டமாக இல்லை.

பேலன்சிங் மெஷின் சக்கரத்தைக் காற்றில் சுற்றி, எந்தப் பக்கம் கனம் என்பதை மட்டும் சொல்லும். டயரை அது தரையில் அழுத்திப் பார்ப்பதில்லை. மாட்டு வண்டிச் சக்கரத்தில் ஒரு பக்கம் 3 மி.மீ. மேடாக இருந்தால், எதிர்ப்பக்கம் எவ்வளவு ஈயம் கட்டினாலும் அந்த மேடு தரைக்கு வரும்போதெல்லாம் அச்சு தூக்கிப் போடும். டயருக்கும் அதே கதைதான். மெஷினில் பூஜ்யம் காட்டும் சக்கரம் ரோட்டில் உதறுவது இதனால்தான்.

வெயிட் தப்பாக இருந்தால் என்ன ஆகும் என்பதையும் கணக்காகச் சொல்லிவிடுகிறோம். உங்கள் டயரின் குறுக்களவு சுமார் 703 மி.மீ. 80 கி.மீ. வேகத்தில் அது விநாடிக்கு 10 சுற்று சுற்றும். ரிம் ஓரத்தில் 50 கிராம் ஏறுமாறாக இருந்தாலே, அந்த வேகத்தில் ஏறக்குறைய 4 கிலோ விசையோடு விநாடிக்கு 10 தடவை இழுக்கும். வேகம் பாதியானால் விசை கால்வாசி, அதாவது 1 கிலோ. அதனால்தான் ஊருக்குள் ஒன்றுமே தெரிவதில்லை. 70க்கும் 90க்கும் நடுவில் சக்கரம் விநாடிக்கு 9 முதல் 11 சுற்று சுற்றுகிறது. முன் அச்சும் ஸ்டியரிங் இணைப்புகளும் தாமாக ஆடக்கூடிய வேகம் அதை ஒட்டி இருந்தால், சின்ன மேடுகூடக் கைக்கு வந்துவிடும்.

இனி வீட்டு வாசலிலேயே பார்க்கக் கூடியது. முதலில் 20, 25 கி.மீ. ஓட்டி டயரைச் சூடாக்குங்கள். நின்ற இடத்தில் அமுங்கிய தட்டை இருந்தால் அதில் சரியாகும். திரும்பியதும் சமதளத்தில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன் சக்கரத்தை ஜாக்கியால் தூக்கி, அச்சுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுங்கள். வெறும் ஜாக்கியை நம்பிப் பக்கத்தில் உட்கார வேண்டாம்.

சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ப்ளே (தளர்வான ஆட்டம்) தெரிந்தால் பேரிங்கையோ, சக்கரம் திரும்ப அச்சாணியாக இருக்கும் கிங்பின்னையோ, உங்கள் வண்டி பால் ஜாயின்ட் வகை என்றால் அதையோ பார்க்க வேண்டும். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் ப்ளே இருந்தால் டை ராடு எண்ட், அதாவது ஸ்டியரிங் இணைப்பின் முனை. இவை தேய்ந்திருந்தால் நல்ல டயரின் சிறு குறையையும் பத்து மடங்காகக் காட்டும். இதைச் சரிசெய்யாமல் மேலே போவதில் பயனில்லை.

ப்ளே இல்லையென்றால், டயரின் நடுப்பட்டை உயரத்துக்கு இரண்டு மூன்று செங்கல் அடுக்கி, மேலே ஒரு ஸ்க்ரூ டிரைவரை டயரை நோக்கி வையுங்கள். நுனிக்கும் பட்டைக்கும் நடுவில் 2 மி.மீ. இடைவெளி இருக்கட்டும். சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். இடைவெளி எங்கே ரொம்பக் குறைகிறதோ அங்கே டயரில் சாக்பீஸால் கோடு போடுங்கள். அதுதான் மேடு. எங்கே அதிகமாகிறதோ அது பள்ளம். இரண்டையும் ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) அளந்து கழித்தால் வித்தியாசம் கிடைக்கும். லேத் பட்டறையில் டயல் கேஜ் கிடைத்தால் இன்னும் துல்லியம். கேஜ் முனை டயரின் வெட்டில் விழாமல் இருக்க, நடுப்பட்டையைச் சுற்றி ஒரு சுற்று மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். வித்தியாசம் 1.5 மி.மீ. வரை இருந்தால் கவலையில்லை. 2 மி.மீ. தாண்டினால் கையில் தெரியும். பக்கவாட்டு நெளிவையும் டயரின் தோளில் (பட்டையும் பக்கச் சுவரும் சேரும் இடம்) இதே மாதிரி பாருங்கள், அதற்கும் 2 மி.மீ. தான் எல்லை.

அடுத்து பீட், அதாவது ரிம்மில் பொருந்தும் டயரின் உள் விளிம்பு, சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். டயரில் ரிம்முக்குச் சற்று மேலே சன்னமாக ஒரு வளையக் கோடு ஓடும். ரிம் ஓரத்திலிருந்து அந்தக் கோடு சுற்றிலும் ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். ஒரு இடத்தில் உள்ளே ஒளிந்திருந்தால் அங்கே பீட் ஏறவில்லை. காற்றை முழுக்க இறக்கி, பீட்டை ரிம்மிலிருந்து விடுவித்து, டயர் சோப்பு தடவி, மறுபடி காற்று ஏற்றச் சொல்லுங்கள். டயரின் பக்கத்தில் அச்சிட்ட அதிகபட்ச அழுத்தத்தைத் தாண்டி ஏற்றி உட்கார வைக்க விடாதீர்கள். பீட் கம்பி அறுந்தால் ஆளையே அடித்துவிடும்.

பீட் சரியாக இருந்தும் மேடு இருக்கிறதா? அது டயரிலா, ரிம்மிலா என்று பிரிக்க வேண்டும். சாக்பீஸ் கோடு போட்ட இடத்துக்கு நேராக ரிம்மிலும் ஒரு கோடு போடுங்கள். கடையில் டயரை ரிம்மிலேயே அரைச் சுற்று திருப்பி மாட்டச் சொல்லி, மறுபடி அளவு எடுங்கள். மேடு டயர்க் கோட்டோடு நகர்ந்திருந்தால் குற்றம் டயரில். ரிம் கோட்டிலேயே நின்றால் ரிம் பெண்டு. இரண்டுக்கும் நடுவில் எங்கோ வந்தால் இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறது. புளியரை மலைப்பாதைப் பள்ளத்தில் விழுந்து எழுந்த இரும்பு ரிம்மில் 1 மி.மீ.க்கு மேல் பெண்டு இருந்தால், பெண்டு எடுப்பதைவிட மாற்றுவதே நல்லது.

இந்த அரைச் சுற்றிலேயே பலருக்கு வேலை முடிந்துவிடும். டயரில் 1.5 மி.மீ. மேடு, ரிம்மில் 1 மி.மீ. மேடு என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே பக்கம் விழுந்தால் 2.5. எதிரெதிராக வைத்தால் 0.5. காசு செலவில்லாத வைத்தியம் இது. புது டயரில் சிவப்புப் புள்ளி இருந்தால் அது டயரின் மேட்டைக் குறிப்பது. ரிம்மில் பள்ளத்துக்கு அடையாளம் இருந்தால் அதற்கு நேராக அந்தப் புள்ளியை வைக்க வேண்டும். மஞ்சள் புள்ளி டயரின் எடை குறைந்த இடம், அதை வால்வுக்கு நேராக வைக்கலாம். இரண்டு புள்ளியும் இருந்து, ரிம்மில் அடையாளமும் இருந்தால், சிவப்புக்கே முதலிடம். எடைக் குறையை வெயிட் சரிசெய்யும், வட்டக் குறையைச் செய்யாது.

இவ்வளவும் முடிந்த பிறகே வெயிட். பழைய வெயிட் எல்லாவற்றையும் கழற்றி, ரிம்மின் உள்பக்கம் அப்பியிருக்கும் செம்மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு மெஷினில் ஏற்றச் சொல்லுங்கள். சக்கரத்தை மெஷினில் மையம் பிடிக்கும் கூம்புக்குக் கோன் என்று பெயர், அது சக்கரத்தின் மையத் துளையில் சரியாகப் பொருந்துகிறதா என்பதற்கு ஒரு சோதனை உண்டு. பூஜ்யம் காட்டியதும் நட்டைத் தளர்த்தி, மெஷின் தண்டிலேயே சக்கரத்தை அரைச் சுற்று திருப்பி இறுக்கி, மறுபடி சுற்றுங்கள். 10 கிராமுக்கு மேல் காட்டினால் சக்கரம் மையத்தில் உட்காரவில்லை. அப்படியானால் முன்னால் பார்த்த பூஜ்யத்துக்கும் அர்த்தமில்லை. உங்கள் மூன்று தடவையும் வீணானதற்கு இதுவும் காரணமாக இருந்திருக்கலாம். கார் ரிம்முக்கான கோனை வைத்து வேன் ரிம்மைப் பார்க்கும் கடைகளில் இது அடிக்கடி நடக்கும். சரியான அளவுக் கோனோ, போல்ட் துளைகளில் பிடிக்கும் பிளேட்டோ இருக்கும் கடையாகப் பாருங்கள்.

கேள்வி: ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்குப் பயந்து வண்டியை ஷெட்டிலேயே நிறுத்திவிடுகிறோம். அக்டோபரில் எடுத்தால் முதல் 10 கி.மீ. ‘தட் தட்’ என்று அடிக்கிறது, பிறகு அடங்கிவிடுகிறது. பேலன்சிங் வேண்டுமா?
— ஒரு வாசகர், பீர்மேடு

பதில்: வேண்டாம். ஒரே இடத்தில் மாதக்கணக்கில் பாரம் தாங்கிய டயர், தரையைத் தொட்ட இடத்தில் தட்டையாகிவிடும். ஓடிச் சூடானதும் பழைய வடிவத்துக்கு வந்துவிடும். 30 கி.மீ. ஓடியும் தட்டல் நிற்கவில்லை என்றால் தட்டை நிலைத்துவிட்டது, அந்த டயரை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

அடுத்த வருஷம் நிறுத்தும்போது தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்யுங்கள். 100 லிட்டர் தண்ணீர் என்றால் 100 கிலோ, அதுவும் பெரும்பாலும் ஒரே பக்கம். காற்று, வழக்கமான அழுத்தத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். அச்சுகளுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுத்து டயரின் பாரத்தைக் குறைத்தால் மிக நல்லது. முடியாவிட்டால் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கால் சுற்று நகர்த்தி வையுங்கள். ஈர மண்ணில் நிறுத்தாமல் பலகை மேல் நிறுத்துங்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். டயரின் பக்கத்தில் ‘டாட்’ (DOT) எழுத்து வரிசையின் கடைசியில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம் செய்தது. கேரவன் டயர் தேய்ந்து சாவதைவிட வயதாகிச் சாவதே அதிகம். பட்டன் (தரையில் படும் வெட்டுப் பகுதி) புதுசு போல இருக்கும், பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்பு ஓடியிருக்கும். ஆறு வருஷம் தாண்டியதை வருஷா வருஷம் கழற்றி உள்ளேயும் பார்க்க வேண்டும்.

கேள்வி: வெளிநாட்டு வீடியோக்களில் டயரைச் சக்கரத்தோடு சுற்றவிட்டுக் கத்தியால் சீவி வட்டமாக்குகிறார்கள். இங்கே ரீட்ரெட் கடையில் பஃபிங் மெஷினில் அதைச் செய்து தருவார்களா? அதனால் டயர் கெடாதா?
— ஒரு வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: நீங்கள் பார்த்த வேலைக்கு ட்ரூயிங் என்று பெயர். ஒரு காலத்தில் டயர்க் கடைகளில் சாதாரணமாக நடந்தது. ரேடியல் டயர்களின் தயாரிப்பு துல்லியமாக ஆக ஆக அந்த மெஷின்கள் அருகிவிட்டன. சக்கரம் அதன் சொந்த ரிம்மில், ஓடும்போது இருக்கும் அதே காற்றழுத்தத்தில், மையம் பிடித்து மெதுவாகச் சுற்றும். கத்தி மேட்டை மட்டும் தொடும். பள்ளத்தைத் தொடாது. ஒவ்வொரு சுற்றிலும் கால் மில்லிக்கும் குறைவாகச் சீவி, கத்தி சுற்றிலும் தொடத் தொடங்கும் இடத்தில் நிறுத்திவிடுவார்கள்.

ரீட்ரெட் கடை பஃபிங் வேறு. அங்கே டயரை அவர்களுடைய விரியும் சக்கரத்தில் மாட்டி ராவுவார்கள். அந்த மையத்துக்கு வட்டமாகும், உங்கள் ரிம்முக்கு அல்ல. ரிம்மில் 1 மி.மீ. கோணல் இருந்தால் திரும்ப மாட்டியதும் அது அப்படியே வந்துவிடும். அதனால் அங்கே கொடுக்க வேண்டாம்.

டயர் கெடுமா என்றால், அளவோடு செய்தால் கெடாது, ஆயுள் குறையும். புதிதில் 9 மி.மீ. ஆழம் உள்ள டயரைத் தேய்மானக் குறியான 1.6 மி.மீ. வரை ஓட்டலாம், கையில் இருப்பது 7.4. அதில் மேட்டில் 1.5 சீவினால் அந்த இடத்தில் ஐந்தில் ஒரு பங்கு போகிறது. வாடகைக் காருக்கு இது பெரிய நஷ்டம். வருஷத்துக்கு ஐயாயிரம் கி.மீ. ஓடும் கேரவனுக்கு, டயர் தேயும் முன்பே வயது முடிந்துவிடும். ஆகவே ட்ரூயிங் வசதி கிடைத்தால் கேரவனுக்கு அது லாபமான வேலை என்பதே எங்கள் கருத்து. 2 மி.மீ.க்கு மேல் சீவ வேண்டியிருந்தால் மட்டும் அந்த டயரை வைத்துக்கொள்ளாதீர்கள்.

எல்லா மேடும் சீவக்கூடியது அல்ல. கவனமாகப் படியுங்கள். அரைச் சுற்றுக்குச் சீராக ஏறி இறங்கும் மேடு வட்டக் குறை. உள்ளங்கை அகலத்தில் ஒரே இடத்தில் புடைத்திருந்தால், அதுவும் நேற்று இல்லாமல் இன்று வந்திருந்தால், உள்ளே இரும்பு பெல்ட் பிரிந்திருக்கிறது. அதைச் சீவினால் கம்பி வெளியே தெரியும், சீவாமல் ஓட்டினால் வெடிக்கும். வண்டியை அங்கேயே நிறுத்தி ஸ்டெப்னி மாட்டுங்கள்.

இன்னொரு வகையும் உண்டு. அளந்தால் வட்டமாக இருக்கும், ஆனால் ஒரு பக்கம் விறைப்பாகவும் ஒரு பக்கம் இளக்கமாகவும் இருக்கும். பாரம் ஏறியதும் விறைப்பான பக்கம் மேடு போலவே தூக்கும். இதைக் கண்டுபிடிக்க, உருளையால் டயரை அழுத்திச் சுற்றும் ரோடு ஃபோர்ஸ் வகை மெஷின் வேண்டும். சீவுவது இதைச் சரியாகத் தீர்க்காது. புது டயரில் இப்படி வந்தால் வாரண்டியில் கேளுங்கள், பழசானால் பின் அச்சுக்கு மாற்றுங்கள்.

ட்ரூயிங் செய்தால் அதற்குப் பிறகு பேலன்சிங் கட்டாயம். 1 மி.மீ. சீவலில்கூட நூறு கிராம் ரப்பர் வரை போயிருக்கும்.

கேள்வி: பின்பக்க இரட்டைச் சக்கரத்தில் உள் டயர் மட்டும் சீக்கிரம் தேய்கிறது. இருக்கையில் உட்கார்ந்தால் அதிர்வும் இருக்கிறது. ஸ்டியரிங்கில் ஒன்றும் இல்லை.
— ஒரு வாசகர், கம்பம்

பதில்: ஸ்டியரிங்கில் இல்லாமல் இருக்கையில் மட்டும் தெரிந்தால் பின்பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். ஒரே நட்டில் பூட்டிய இரண்டு டயரும் ஒரே சுற்றுதான் சுற்ற முடியும். ஒன்று பெரிது, ஒன்று சிறிது என்றால் பெரியது பாரம் தாங்கும், சிறியது ரோட்டில் இழுபட்டுத் தேயும். குறுக்களவில் 6 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் கூடாது. நூல் சுற்றி அளந்தால் சுற்றளவில் 19 மி.மீ. ஒரு பழசு, ஒரு புதுசு ஜோடி போட்டால் இந்த எல்லை எளிதில் தாண்டிவிடும்.

உள் டயருக்குக் காற்று குறைவதுதான் இன்னும் அதிகம் நடப்பது. வால்வு கைக்கு எட்டாததால் அதைப் பார்ப்பதே இல்லை. உள் டயருக்கு நீட்டு வால்வு வாங்கி மாட்டி, இரண்டு வால்வும் எதிரெதிர்த் திசையில் வருமாறு பூட்டுங்கள். நாலு டயரின் மேலும் குறுக்காக ஒரு நேரான மட்டப்பலகையை வைத்துப் பாருங்கள், எது தொடவில்லையோ அது சிறியது.

பின் சக்கரத்தைத் தூக்கி வட்டம் பார்க்கும்போது கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக் தளர்வு, முன் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை. எஞ்சினால் சுற்றிப் பார்க்க ஒருபோதும் முயலாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் தூக்கியிருந்தால், பின் அச்சின் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல் அந்தச் சக்கரத்தை இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றும்.

திரும்ப மாட்டும்போது ரிம் முகம், அது பூட்டப்படும் ஹப் முகம் இரண்டிலும் துருவையும் தடித்த பெயின்டையும் வயர் பிரஷ்ஷால் எடுங்கள். அங்கே ஒட்டிய ஒரு மண்கட்டி, டயர் ஓரத்தில் பல மி.மீ. நெளிவாக வரும். நட்டை எதிரெதிராக, டார்க் ரெஞ்சால், வண்டிக் கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். 50, 100 கி.மீ. ஓடியதும் மறுபடி ஒரு தடவை. டயர்களுக்கு நடுவில் ஜல்லி சிக்கியிருக்கிறதா என்று குமுளி ஏறி இறங்கிய பிறகு குனிந்து பாருங்கள்.

கேள்வி: பஞ்சர் லிக்விட் ஊற்றிய பிறகு பேலன்சிங் மெஷின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு எண் காட்டுகிறது. லாரிக்குப் போடுவது போல டயருக்குள் பேலன்சிங் மணி போடலாமா? மணல் போடலாம் என்கிறார்கள்.
— ஒரு வாசகர், களியக்காவிளை

பதில்: லிக்விட் நிற்கும்போது அடியில் தேங்கும், சுற்றும்போது பரவும், அதனால் மெஷினால் நிலையான எண் காட்ட முடியாது. டயரைக் கழற்றி, தண்ணீர் விட்டுக் கழுவி, துடைத்து உலர்த்திய பிறகே பேலன்ஸ் ஆகும். நெடுந்தூர வண்டிக்கு லிக்விடை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. பஞ்சர் ஆனால் உள்ளிருந்து பேட்ச் ஒட்டுவதே சரி.

பேலன்சிங் மணி பெரிய டயர்களுக்காக விற்பது. உள்ளே துளி ஈரம் இருந்தாலும் ஒட்டிக் கட்டியாகிவிடும், ஃபில்டர் உள்ள வால்வு ஊசியும் வேண்டும். 15 அங்குலச் சக்கரத்துக்கு வெளி வெயிட்டே போதும். ஆற்று மணலைப் போடவே போடாதீர்கள். உள் சுவரைத் தேய்த்துத் தின்றுவிடும், வால்வையும் அடைக்கும்.

கேள்வி: ஒட்டும் வகை வெயிட் போட்டேன். போடிமெட்டு இறங்கி வந்ததும் இரண்டு கட்டி காணோம். பசை மட்டமா?
— ஒரு வாசகர், போடி

பதில்: பசை மட்டமாகவும் இருக்கலாம், ஒட்டிய விதமும் காரணமாகலாம். 17 கொண்டை ஊசி வளைவும் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் டிரம் கொதிக்கும். அதற்கு நேர் எதிரே ரிம் உள்பக்கம் ஒட்டியிருக்கும் பசை இளகும். இரண்டாவது கியரில் இறங்கினால் டிரம்மும் பிழைக்கும், வெயிட்டும் நிற்கும்.

இரும்பு ரிம் என்றால் ஓரத்தில் அடித்து மாட்டும் கிளிப் வெயிட்டே போடச் சொல்லுங்கள், கிளிப் வடிவம் உங்கள் ரிம் ஓரத்தோடு பொருந்த வேண்டும். அலாய் ரிம்மாக இருந்து ஒட்டத்தான் வேண்டும் என்றால், முதலில் சோப்புத் தண்ணீர், பிறகு தின்னர் அல்லது ஸ்பிரிட் துணி, ஈரம் முழுக்க உலர்ந்த பிறகு ஒட்டி, ஒவ்வொரு கட்டியையும் கட்டைவிரலால் பத்து விநாடி அழுத்த வேண்டும். ஒட்டியவுடன் வாட்டர் சர்வீஸுக்கு விடாதீர்கள், ஒரு நாள் பொறுங்கள். கட்டி இருந்த இடத்தில் பெயின்டால் ஒரு சிறு கோடு போட்டு வையுங்கள், அடுத்த தடவை விழுந்தால் எங்கே எது விழுந்தது என்று பார்த்தவுடன் தெரியும்.